பாலத்தைத் தாண்டாதவர்கள்

“இதுக்கு மேல எளிசாக்கணும்னா, கேமை நாமளே ஆடி முடிச்சுட்டு, முடிவை மட்டும் தபால்ல அனுப்பணும்” என்றார் முதலாளி.

அவரைத் தவிர அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருத்தி, அந்த கேமுக்குக் கதை எழுதியவள்.

வெள்ளத்தில் மூழ்கிய ஊரில், காணாமல் போன அக்காவைத் தேடிப் போகும் ஒரு தங்கையின் கதை. எட்டு மாதம் எழுதினாள். அக்கா ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பது கடைசி லெவலில்தான் தெரியவரும். ஆனால் மூன்றாவது லெவலிலேயே ஓர் உடைந்த பாலம் குறுக்கே நிற்கிறது. ஆடிப் பார்க்க வெளியிலிருந்து அழைத்த இருபது பேரில் பதினான்கு பேர் அந்தப் பாலத்தோடு எழுந்து போய்விட்டார்கள்.

அவர்களுக்காகத்தான் ஈஸி மோடு. அதைப் போட்டுக்கொண்டால் பள்ளம் கொஞ்சம் குறுகும். எதிரி அடிப்பதற்கு முன் அரை நொடி தயங்குவான். விளிம்பைத் தாண்டிக் கால் போன பிறகும் கண் இமைக்கும் நேரத்துக்குத் தாவ விடும். கதையில் ஓர் எழுத்து மாறாது.

முதலாளி அதை எடுக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை கேம் வெளியாகிறது.

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அவள் முதலிலிருந்து விளக்கினாள். பாலத்தில் விழுந்தவர்களில் ஒரு தையல்காரம்மா. விரல் மூட்டு சரியாக மடங்காது. இருபத்தேழு தடவை விழுந்துவிட்டு, போகிற போக்கில், அந்தப் பொண்ணுக்கு அக்கா கிடைச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிடு தாயி என்று கேட்டுவிட்டுப் போனார். அதையும் சொன்னாள்.

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அந்தம்மாவுக்கும் வேலை மிச்சம்.”

மறுபடியும் பத்துப் பேர்.

முதலாளி அதோடு விடவில்லை. எல்லோரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். தன் கம்ப்யூட்டரில் கேமைத் திறந்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். இரண்டாவது முயற்சியில் பாலத்தைத் தாண்டினார். பின்னால் நின்ற ஒருவர் கையே தட்டிவிட்டார்.

“எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஈஸி மோடு கேட்டேனா? பழகணும். பழகச் சோம்பல்பட்டா வீட்டுல உட்கார்ந்து சுவரைப் பார்க்கட்டும்” என்றவர், புரோகிராமர் பக்கம் திரும்பினார். “எல்லாக் கம்ப்யூட்டர்லேருந்தும் இன்னிக்கே அதைத் தூக்கிடுங்க.”

“சரி சார்.”

அலுவலகத்தில் புரோகிராமருக்கு அதுதான் பட்டப்பெயர். சரிசார். பெற்றோர் வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவள் அவர் மேஜைக்கே போய்ப் பிடித்துக்கொண்டாள். எத்தனை பேர் எங்கே விழுந்தார்கள் என்ற விவரமெல்லாம் அவரிடம்தானே இருக்கிறது, எடுத்துப் போட்டுக் காட்டியிருந்தால் என்ன என்று கேட்டாள். ஆள் இல்லாத திரையரங்கில் படம் ஓட்டவா எட்டு மாதம் எழுதினேன் என்று கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்களுக்கெல்லாம் வாய் எதுக்குண்ணே, சாப்பிட மட்டும்தானா?”

“எடுக்கச் சொன்னார்மா. எடுக்கறேன்.”

“நாளைக்குக் கதையையே எடுக்கச் சொன்னா?”

“அப்ப அதைப் பார்ப்போம்.”

இந்த ஆளிடம் பேசுவதும் ஒன்று, பிரிண்டரிடம் பேசுவதும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றியது. இருக்கைக்குத் திரும்பி, கேமிலிருந்து தன் பெயரை நீக்கிவிடும்படி முதலாளிக்கு ஒரு மெயில் எழுதினாள். நாளை சாயங்காலம் கிளம்பும்போது அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதலாளி வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து மணிக்கு, பட்டன் ஒட்டுகிறது, வேறு கண்ட்ரோலர் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். பத்தரைக்கு அதுவும் சரியில்லை என்றார். பதினோரு மணிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னார்.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. நேராகக் கதை எழுதியவள் மேஜையருகே வந்து நின்றார்.

“யோசிச்சுப் பார்த்தேன். அந்த ஈஸி மோடு இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வருது, சரி. எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்களா? நாமதான் கொஞ்சம் இறங்கி வரணும்.”

பத்துப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதலாளி புரோகிராமரிடம் உடனே போட்டுவிடச் சொன்னார்.

“சரி சார்.”

அறைக் கதவு மறுபடி சாத்திக்கொண்டதும் அவள் எழுந்து அவரிடம் போனாள்.

“அவர்கிட்ட அப்படி என்னண்ணே சொன்னீங்க?”

“நான் எதுவும் சொல்லலையே. எல்லாக் கம்ப்யூட்டர்லேருந்தும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவரோடதுலேருந்தும்.”

“அப்ப இத்தனை நாளா அவர் ஈஸி மோடுலதான் ஆடிக்கிட்டிருந்தாரா? அவருக்குத் தெரியாமலா? எப்பலேருந்து?”

“கேமை முதன்முதலா அவருக்குக் காட்டின அன்னிக்கே. முதல் பள்ளத்துலேயே நாற்பது தடவை விழுந்துட்டு, இந்தக் கடையை மூடிட்டு வேற தொழில் பார்க்கறேன்னு எழுந்துட்டார். பதினோரு பேர் வேலைம்மா. அன்னிக்கு மத்தியானம் அவருக்காக எழுதினதுதான் இந்த ஈஸி மோடே.”