மூச்சு படியாத கண்ணாடி

மார்கழிப் பனியில் கணவன் குணாளனின் பைக்கில் ஏறினால், இரண்டாவது தெரு திரும்புவதற்குள் செல்வியின் ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். மூன்று வருடமாக அப்படித்தான். இன்று ரயில்வே கேட் வரை வந்தும் படியவில்லை. வேண்டுமென்றே ஊதிப் பார்த்தாள். பளிச்சென்றே இருந்தது.

அவளை ஆபீஸில் இறக்கிவிட்ட பிறகு அந்த ஹெல்மெட் நாள் முழுக்க அவனோடுதான் இருக்கும்.

“என்னங்க, இதுல என்ன தடவுனீங்க?”

“நானா? ஒண்ணும் தடவலையே.”

கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்த பிறகு, “ஆமா, மறந்தே போச்சு. நேத்து உனக்காகத்தான் சோப்புத் தேச்சுத் துடைச்சேன்” என்றான்.

“எந்த சோப்பு?”

“நாம குளிக்கிறதுதான். நீ போலீசுக்குப் போயிருக்கலாம்டி.”

செல்வி ஹெல்மெட்டைக் கழற்றி முகர்ந்தாள். தாழம்பூ மணம். வீட்டில் வேப்பஞ்சோப்பு தவிர வேறு வாங்கியதில்லை. அவனுடைய கண்ணாடியோ வழக்கம்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

கேட் திறந்தது. அவன் கண்ணாடியைத் தூக்கி விரலால் துடைத்துக்கொண்டான். செல்வி ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினாள். இத்தனை நாள் பின்னால் உட்கார்ந்து வந்தும், அவன் முதுகை இவ்வளவு தெளிவாக அவள் பார்த்ததேயில்லை.