பிரபு வீட்டுத் துறவி

"ஐயையோ, குளவி! செத்தேன்!"

குகைக்குள்ளிருந்து துள்ளி வெளியே வந்த துறவி அங்கியை உதறினார். உதறி முடித்த பிறகுதான் எதிர்ப் பாறை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கும் வெல்வெட் கோட்டு ஓவியர், பென்சிலும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போச்சு! ஏழு வருஷம் வாயே திறப்பதில்லை என்று பிரபுவிடம் கையெழுத்துப் போட்டவர், ஐந்தாம் மாதமே கத்தித் தொலைத்துவிட்டார்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் அந்தப் பிரபுவுக்கு இயற்கைக் காட்சி என்றால் உயிர். தோட்டத்தில் ஓடை வெட்டினார். பாழடைந்த கோபுரம் ஒன்றைப் புதிதாகக் கட்டினார். குகைக்கு ஒரு துறவி இருந்தால்தான் காட்சி நிறையும் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்தார். லண்டன் விருந்தாளிகள் வந்து பார்த்து உருகிப் போவார்கள்.

"நீங்க பேசக் கூடாதே?" என்றார் ஓவியர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

துறவி ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "துரை, பிரபு காதுல போட்டுறாதீங்க! இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு. வீட்டுல நாலு பிள்ளைங்க."

"இதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"கைத்தறி. ஜேபஸ்னு பேரு, என் நெசவுன்னா ஊருக்கே தெரியும். நீராவி ஆலை வந்துச்சு, தறி விறகாச்சு. அந்த ஆலையும் பிரபுவோடதுதான். புகைபோக்கி தெரியக் கூடாதுன்னுதான் அதோ, வரிசையா மரம் நட்டிருக்காரு. தறியைக் கவுத்தவரும் அவரு, கஞ்சி ஊத்துறவரும் அவரு!"

ஓவியர் சிரிக்கவில்லை. "பருத்தியா, கம்பளியா?" என்றார்.

"பருத்தி. படம் போடுற துரைக்கு அதெல்லாம் எதுக்கு? நீங்க பிரபுகூட உட்கார்ந்து சாப்பிடுறவரு. வாய் தவறி ஒரு வார்த்தை விட்டீங்கன்னா என் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க!" ஜேபஸ் அழுதேவிட்டார்.

கீழே பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள்.

"குகைக்கு ஓடுங்க அண்ணே, சீக்கிரம்!" ஓவியர் பதறிப்போய் மடியிலிருந்த படப் பலகையை நிமிர்த்திப் பிடித்தார். தாளில் ஒரு கோடுகூட இல்லை. "எனக்குப் படமெல்லாம் வராது, நானும் தறிக்காரன்தான். துறவி வேலைக்குத்தான் வந்தேன். தாடி வளரலைன்னு பிரபு இந்தக் கோட்டை மாட்டிவிட்டு இங்க ஓவியனா உட்கார வச்சுட்டாரு!"