ஒரு வரி அதிகம்

"செத்துடுச்சா?" என்று போனில் கேட்டான் கணவன்.

"இல்லங்க. காலையிலேர்ந்து கண் கொட்டாம பாத்துக்கிட்டிருக்கேன். சாக மாட்டேங்குது." என்றாள் அவள்.

சாக வேண்டியது ஒரு கம்ப்யூட்டர். அதன் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும்; அந்தப் பக்கங்களை இடம் மாற்றி வைப்பது, மற்ற எல்லா புரோகிராம்களையும் மேய்க்கும் கெர்னல் என்கிற அடிப்படைப் புரோகிராமின் வேலை. மாற்றி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு புரோகிராம் அவசரக்குடுக்கையாகப் பழைய இடத்தில் கை வைத்துவிட்டால், மெஷின் மொத்தமாக விழுந்துவிடும். பத்து நாளாக மணிக்கு மூன்று தடவை விழுந்துகொண்டிருந்தது.

எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் அன்று காலை ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். ஒவ்வொரு பக்கம் இடம் மாறும்போதும் 'பக்கம் நகர்ந்தது' என்று அது குறித்து வைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து மெஷின் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. விழுந்தால்தானே பிழை எங்கே என்று பிடிபடும்?

மறுநாள் காலை தங்கைக்குக் கல்யாணம். பிழையைச் சரி செய்யாமல் லீவு கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீசில் அவருக்குப் பெயர் கத்தரிக்கோல். யார் எழுதியதாக இருந்தாலும் சரி, உபரியாக ஒரு வரி இருந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது.

மூன்று மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, நீ வராம நான் மணமேடையில உக்கார மாட்டேன், பாத்துக்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். நாலு மணிக்குள் முப்பது வரிகளை மாற்றி எழுதி, பிழை தீர்ந்த கதையை இரண்டு பக்கத்துக்கு விளக்கி அனுப்பினாள். கத்தரிக்கோல் வந்து ஒரு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றார். அது விழவில்லை.

"பிரமாதம்மா! இன்னைக்கே எல்லா கஸ்டமருக்கும் அனுப்பிடறேன். நீங்க கிளம்புங்க, தங்கச்சியை நான் கேட்டதா சொல்லுங்க."

ஸ்டேஷனில் கணவன் பெட்டிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது.

"அனுப்பியாச்சும்மா, நாலாயிரம் மெஷினுக்கு. ஒண்ணு மட்டும் சொல்லணும். பிழை தேடறதுக்குப் போட்ட அந்த 'பக்கம் நகர்ந்தது' வரியை எடுக்க மறந்துட்டீங்க. வெறும் குறிப்புதானே, அதுக்குன்னு மறுபடி டெஸ்ட் பண்ணுவானேன்? நானே வெட்டிட்டு அனுப்பிட்டேன்."

அவள் எழுதிய முப்பது வரியும் ஒப்புக்குச் சப்பாணி. மெஷினைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்த ஒரு வரிதான். எப்படி என்று அவளுக்கே தெரியாது. கல்யாணம் முடிந்து வந்து சாவகாசமாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

படியில் நின்ற கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன, செத்துடுச்சா?"

"இனிமேதாங்க."