ஞாயிற்றுக்கிழமை டப்பாக்கள்

வெளியே தின்றே சம்பளம் கரைகிறது என்று மருமகள் ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தினாள். ஞாயிறன்றே வாரம் முழுவதற்கும் சமைத்து, டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜில் அடுக்கினாள். அவள் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். வேலை விட்டு வரும் மகன் தினமும் பசியில்லை என்றான். எனக்கா தெரியாது?

“வாம்மா, இன்னிக்கு அவனைக் கையும் களவுமா பிடிப்போம்.”

“விடுங்க மாமா. அலுப்பா இருக்கு.”

நான் விடவில்லை. தெருமுனை ஓட்டலில் மகன் வாய் நிறையச் சோற்றோடு எங்களைப் பார்த்து விழித்தான்.

“அங்க ஒருத்தி அடுப்படியில கிடந்து சாகுறா, உனக்கு ஓட்டல் சோறு கேக்குதோ?”

மேசை துடைக்க வந்தவர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னக்கா, எப்பவும் மத்தியானந்தானே வருவீங்க?”

மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “புதன்கிழமைக்கு மேல நான் சமைச்சது எனக்கே இறங்கல மாமா.”