முழுத் தடை
பிற்பகல் வெயில் திரையில் விழுந்து கண்ணைக் கூச, அவள் கையை நிழலாகப் பிடித்துப் படிக்கிறாள். அவள் நடத்தும் சின்ன சமூகத் தளத்தில் இருக்கும் செவிலி ஒருத்தியின் வீட்டு முகவரியை, அதோடு இணைந்து பதிவுகளைப் பகிரும் இன்னொரு தளத்தில் யாரோ மூன்றாம் முறையாகப் பரப்பியிருக்கிறார்கள். அந்தத் தளத்தை நடத்துகிற அண்ணன் எதிரே உட்கார்ந்து சாவகாசமாக ஆரஞ்சு உரிக்கிறான். "விளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க, விடும்மா." அவள் விடுவதாக இல்லை. 'மட்டுப்படுத்து' என்பதைத் தாண்டி அம்புக்குறி, அண்ணனின் தளத்தோடு உள்ள இணைப்பையே துண்டிக்கும் 'முழுத் தடை'யில் நிற்கிறது. இரு தளங்களுக்கும் இடையே அறுபத்திரண்டு பேரின் தொடர்பு அறுந்துபோகும், சம்மதமா என்கிறது திரை. காரணம் கேட்கும் கட்டத்தில் 'மூன்று முறை சொல்லியாயிற்று' என்று தட்டி, அழுத்துகிறாள். அண்ணனின் கைபேசியில் திறந்திருக்கும் தளத்திலிருந்து அவள் பெயர் மறைகிறது. "அப்போ இனிமே உன்கிட்ட எப்படிப் பேசறது?" "எதிர்லதானேண்ணா உட்கார்ந்திருக்கே. முதல்ல அந்த முகவரிய அழி. அப்புறம் வாயாலயே பேசலாம்."