ஏழு மணிச் சொட்டு

"கண்ணுல பிரஷர் ஏறிக்கிட்டே போகுதே! சொட்டு மருந்தை எப்போ போடறீங்க?" என்று கேட்டார் கண் டாக்டர்.

"சாயங்காலம் ஏழுக்கு. கடிகாரம் மணி அடிச்சதும் இதோ, என் சம்சாரம்தான் போட்டுவிடுவா. ஒருநாள்கூடத் தவறினதில்ல," என்றார் பெரியவர். "இனிமே காலைல போட்டுப் பாக்கட்டுமா?"

"நேரத்துல தப்பில்லையே. அம்மா, நீங்க எப்படிப் போடறீங்கன்னு காட்டுங்க."

மனைவி கணவரின் நெற்றியைத் தடவிப் பார்த்து மருந்தைப் பிழிந்தாள். சொட்டு புருவத்தில் விழுந்து கன்னத்தில் வழிந்தது.

"பாத்தீங்களா? கணக்கா ஒரே சொட்டு!" என்றார் அவர், மூடிய கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். அவள் இமைக்கவில்லை.

"எத்தனை மாசமாம்மா உங்களுக்குக் கண்ணு தெரியல?"

"ஆறு மாசமா," என்றாள் தலைகுனிந்து. "தனக்குக் கண்ணு போயிடுமேன்னு இவர் தினம் அழறார். எனக்குப் போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்ல, டாக்டர்?"