உள்ளங்கையில் ஐஸ்

"விடக் கூடாதும்மா. மூச்ச இழுத்து மெதுவா ஊதுங்க. ஒரு நிமிஷம்தான்."

ஸ்வர்ணலதா மேடம் சொன்னதும் தேன்மொழி ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

மூடிய வேகத்திலேயே "அம்மா!" என்று கத்தினாள்.

பாயில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைத்தாச்சிகள் சிரித்தார்கள்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி மாடி. சனிக்கிழமைதோறும் பிரசவ வகுப்பு. வலி வரும்போது எப்படி மூச்சு விடுவது என்று, வலிக்குப் பதில் கையில் ஐஸைக் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். இத்தனை வருஷம் யாரும் சொல்லித் தராமலே விட்டுக்கொண்டிருந்த மூச்சு, ஏழாம் மாசத்திலிருந்து தேன்மொழிக்கு மறந்துபோயிருந்தது.

பயம்தான். தலைப் பிரசவம்.

போனில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று கிடைத்த பிரசவ வீடியோவையெல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் கத்தினார்கள். சுகப்பிரசவம் ஆனால் மொட்டை போடுவதாக ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டாள். தனக்கல்ல, புருஷன் ரமணாவுக்கு.

வகுப்புக்குக் கூடவே ஒருவரை அழைத்து வர வேண்டும். பிரசவ அறைக்குள்ளும் அவரேதான் பக்கத்தில் இருப்பார். மற்றவர்களுக்கெல்லாம் அம்மா வந்திருந்தார்கள். ஐஸ் பிடித்துச் சிவந்த மகள்களின் கையை முந்தானையால் துடைத்துவிட்டார்கள். தேன்மொழி அந்த முந்தானைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைப் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். தேன்மொழியின் அம்மா வீடு குப்பம் ஊரில் பூட்டிக் கிடந்தது. அம்மா குவைத்தில் யாரோ பெற்ற இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். லீவு கொடுக்கவில்லை. "பயமாகீதும்மா" என்று போனில் சொன்னால் போதும், அந்தப் பக்கம் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் பிள்ளைத்தாச்சிதான் அவளைத் தேற்ற வேண்டும்.

ஆகவே, மாமியார் வெங்கடலட்சுமி வந்திருந்தாள்.

தேன்மொழி கேட்டது பெரிய விஷயமில்லை. அந்த வலியைப் பட்டுவிட்டு வந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்ளோதான்டி, தாங்கிடுவே" என்று மெய்யாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மாமியாரிடம் கேட்டால் நாளுக்கொரு கதை கிடைத்தது. ஒருநாள் ரமணா பாகாலா ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்குள் பிறந்தான். இன்னொரு நாள் சித்தூர் பெரியாஸ்பத்திரியில் விடிய விடியக் கத்த வைத்துப் பிறந்தான். போன வாரம் சந்திரகிரிப் பக்கம் நிலக்கடலைக் காட்டில்.

"எங்க வீட்டுக்காரரு மூணு ஊர்ல பொறந்தவரு" என்று தேன்மொழி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் பயம் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிப் புளுகுகிறவள் கையையா பிடித்துக்கொண்டு உள்ளே போவது?

அத்தை வேண்டாம், நர்ஸே போதும் என்று மேடத்திடம் தனியாகச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துதான் இன்று வந்திருந்தாள்.

"கூட வந்தவங்களும் ஆளுக்கு ஒண்ணு புடிங்க" என்றாள் மேடம். "உங்க பொண்ணுங்க படற பாடு உங்களுக்கும் தெரியட்டும். எல்லாரும் இன்னொரு வாட்டி!"

அம்மாக்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

"இதெல்லாம் ஒரு வலியா மேடம்? இவள பெத்தப்போ கட்டில் கம்பியவே வளச்சிட்டேன் நானு!" என்று பக்கத்துப் பாயிலிருந்த காவ்யாவின் அம்மா ஐஸைத் தூக்கித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டாள். இன்னொருத்தி வெயிலுக்கு நல்லாயிருக்கிறதென்று கழுத்தில் தேய்த்துக்கொண்டாள். பெற்றவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான்.

வெங்கடலட்சுமி விளையாடவில்லை.

கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, மேடம் சொன்னது சொன்னபடி ஊதினாள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்து மடியில் சொட்டியது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"நிமிஷம் ஆயிடிச்சி. எல்லாரும் விட்டுடுங்க."

எல்லாரும் விட்டார்கள். தேன்மொழி முன்னாலேயே விட்டிருந்தாள்.

"ஆயிடிச்சி அத்தே. கீழ போடுங்க. கை வெறச்சிக்கினு போவுது பாருங்க."

வெங்கடலட்சுமி போடவில்லை. மருமகள் காதருகே குனிந்தாள். தேன்மொழி அவளிடம் அதுவரை கேட்டிராத ஒரு கூச்சம் அந்தக் குரலில் இருந்தது.

"ஏம்மா தேனு, மெய்யாலுமே வலி இப்டித்தான் இருக்குமா?"

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

பெற்றவள் கேட்கிற கேள்வியில்லை அது.

ரமணா யார் வயிற்றில் பிறந்தான் என்று அவள் கேட்கவில்லை. மூடிய அந்தக் கையையே பார்த்தாள். வலியை இப்படி விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்ட ஒருத்தியை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

"எனக்கும் தெரியல அத்தே" என்றாள்.

அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. இந்தத் தடவை கத்தவில்லை.

மேடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் நின்றாள்.

"உங்கூட உள்ள யாரும்மா வர்றது?"

"எங்க அத்ததான் மேடம்."

"தைரியமா நிப்பாங்களா? சில பேரு உள்ள வந்துட்டு, பாத்ததும் மயக்கம் போட்டு உழுந்துடறாங்க."

"உழுந்தா உழட்டும் மேடம்" என்றாள் தேன்மொழி. "எம்பக்கத்துல அவங்களுக்கும் ஒரு கட்டில் போட்டு வைங்க."